பணம் முதலா, பார்சல் முதலா?

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை இருக்கிறது. கணவரும் மாமனாரும் செய்வதை நான் இரண்டு வருஷமாக இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிறேன். போன மாதம் வெளியூர்க்காரர் ஒருவர் இரண்டு ஜோடி கேட்டார். மொத்தம் ₹46,000. பணம் போட்டுவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். “பேங்க் சர்வர் டவுன், சாயங்காலத்துக்குள் ஏறிவிடும், நாளை மறுநாள் விசேஷம்” என்றார். நம்பி கூரியரில் போட்டேன். பார்சலை வாங்கிக்கொண்டார், பணம் வரவில்லை. இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அதற்குப் பிறகு முழுப் பணமும் வந்தால்தான் அனுப்புவது என்று வைத்திருக்கிறேன். இப்போது கரூரில் ஒரு கல்யாண வீட்டார் மூன்று ஜோடி கேட்கிறார்கள். “முழுசாகப் போட்டுவிட்டு நாங்கள் ஏமாந்தால் யாரைக் கேட்பது?” என்கிறார்கள். போன பணத்துக்கு வழி உண்டா? இந்த ஆர்டரை எப்படி முடிப்பது?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: சகோதரிக்கு, கரூர் வீட்டார் கேட்டதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு நடந்தது தங்களுக்கும் நடந்துவிடக் கூடாதே என்றுதான் அவர்கள் பயப்படுகிறார்கள். சட்டமும் அந்தப் பயத்தை நியாயமானதாகவே பார்க்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 32: வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை, சரக்கைக் கொடுப்பதும் விலையைக் கொடுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். உங்கள் கடைவீதியில் தினமும் நடப்பது அதுதானே! தராசில் கொலுசை வைத்து எடை பார்க்கிறார்கள், டச் (வெள்ளியின் சுத்தம்) கேட்கிறார்கள், செய்கூலியில் நூறு ரூபாய் குறைக்கிறார்கள். ஒரு கையில் பணம் வரும்போது மறு கையில் பொட்டலம் போகிறது.

ஆன்லைனில் அந்த ஒரே நேரம் இரண்டு மூன்று நாளாக நீண்டுவிடுகிறது. யாராவது ஒருவர் முதலில் கையை நீட்டியாக வேண்டும், நீட்டியவருக்குத்தான் ஆபத்து. என் சின்ன வயதில் வீட்டுக்கு வி.பி.பி.யில் புத்தகம் வரும். அப்பா பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகுதான் தபால்காரர் கட்டைக் கையில் தருவார். அனுப்பியவரும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. நடுவில் தபால்காரர் நின்றார், அது போதுமாக இருந்தது. எந்த வழியில் பணம் வாங்குவது என்று யோசிக்கும்போது, நடுவில் யார் நிற்கிறார் என்பதை முதலில் பாருங்கள்.

போன பணத்துக்கு வருவோம். ஸ்டேஷனுக்குப் போனால் “இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க” என்று திருப்பி அனுப்பப் பார்க்கலாம். வாங்கிய பொருளுக்குப் பணம் தராதது மட்டும் குற்றம் ஆகாது என்பது உண்மைதான். பொருளைக் கேட்ட அன்றே ஏமாற்றும் எண்ணம் இருந்தால் அது மோசடி. பொய் ஸ்கிரீன்ஷாட்டை விட அந்த எண்ணத்துக்கு வேறு சாட்சி வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா 318(4), நாம் 420 என்று சொல்லிப் பழகிய பிரிவு, ஏழு வருஷம் வரை தண்டனை உள்ளது. மின்னணு ஆவணத்தைப் போலியாக உருவாக்கிய குற்றமும் சேரும். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் புகாரைப் பதிவுத் தபாலில் மாநகரக் காவல் ஆணையருக்கு அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிந்துவிடுங்கள். 1930 என்ற சைபர் உதவி எண் முக்கியமாக, போன பணத்தை வழியிலேயே நிறுத்துவதற்கானது. உங்கள் விஷயத்தில் போனது கொலுசு, ஆகவே அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று பலர் கேட்பார்கள். முடியாது. இந்த விஷயத்தில் நீங்கள் விற்றவர், நுகர்வோர் அல்ல. விலையைக் கேட்டு மூன்று வருஷத்துக்குள் சிவில் வழக்குப் போடலாம். ஆனால் அந்த ஆளின் பெயரும் விலாசமும் உண்மைதானா என்று தெரியாமல் வழக்குச் செலவில் இறங்க நான் சொல்ல மாட்டேன். முதலில் போலீஸ் புகார், அதில் ஆள் யாரென்று தெரிந்தால் நோட்டீஸ், அப்புறம் வழக்கு.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த ஸ்கிரீன்ஷாட்டில் 12 இலக்கத்தில் ஒரு பரிவர்த்தனை எண் இருக்கும். அப்படி ஒரு பணம் உங்கள் கணக்குக்கு வரவில்லை என்று வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். கூரியர்காரரிடம் பார்சலை யார், எப்போது, எந்தக் கையெழுத்தில் வாங்கினார் என்ற டெலிவரி பதிவைக் கேளுங்கள், தாமதித்தால் அது கிடைக்காமல் போகலாம். சாட் எதையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63-இன் கீழ் ஒரு சான்றிதழ் வேண்டும், அதை உங்கள் வழக்கறிஞர் தயாரித்துக்கொள்வார்.

இனி கரூர். உங்கள் கடைக்கு ஒரு பெயர் வைத்திருப்பீர்கள். பணம் போட வரும்போது யுபிஐயில் என்ன பெயர் தெரிகிறது? கணவர் பெயரா, மாமனார் பெயரா? 2025 ஜூன் 30-க்குள் எல்லா யுபிஐ செயலிகளும் வங்கியில் பதிவான பெயரையே காட்ட வேண்டும் என்று யுபிஐயை நடத்தும் என்.பி.சி.ஐ. சொல்லிவிட்டது. கொலுசு விற்பது ஒரு பெயர், பணம் வாங்குவது இன்னொரு பெயர் என்றால் யாருக்கும் விரல் தயங்கத்தான் செய்யும். சிறுதொழில்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் உத்யம் பதிவை எடுத்து, கடைப் பெயரிலேயே நடப்புக் கணக்குத் தொடங்குங்கள். முடிந்தால், நடுவில் நின்று பணம் வாங்கித் தரும் நிறுவனம் ஒன்றின் பேமெண்ட் கேட்வே லிங்க்கும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் தரும் பணத்தை அந்த நிறுவனங்கள் தங்கள் பணத்தோடு கலக்காமல் வங்கியில் தனி எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கொஞ்சம் கமிஷன் போகும். ஆனால் கேட்டால் பதில் சொல்ல நடுவில் ஒருவர் வந்துவிடுகிறார்.

பில் கட்டாயம் போடுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான், பில்லில் கெடு எழுதாவிட்டால் 30 நாள். ஆகவே உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் “நோ ரிட்டர்ன், நோ ரீபண்ட்” என்று போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். நீங்கள் ஏமாற்றினால் அவர்கள் சேலத்துக்கு அலைய வேண்டியதில்லை, கரூரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம், ஐந்து லட்சம் வரை மனுக்கட்டணமும் கிடையாது. இதை நீங்களே அவர்களிடம் சொல்லுங்கள். தன்மேல் வழக்குப் போடும் வழியைத் தானே சொல்லித் தருகிறவரை மக்கள் நம்புவார்கள் என்பது இத்தனை வருஷத்தில் நான் கண்டது.

கேஷ் ஆன் டெலிவரி வெள்ளிக்கு வேண்டாம். நகைக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று பல கூரியர்கள் ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பார்சல் மேல் “பேன்சி ஐட்டம்” என்று எழுதி அனுப்புகிறவர்களையும் பார்க்கிறேன். வழியில் தொலைந்தால் பேன்சி ஐட்டத்துக்கு உள்ள பணம்தான் கிடைக்கும். மற்ற ஊர்களுக்கு, நகையை ஏற்கிற இடமாகப் பார்த்து, உள்ளே இருப்பதை அப்படியே எழுதி, இன்சூரன்ஸ் கட்டி அனுப்புங்கள்.

கரூர் தூரம் இல்லை. நாமக்கல் வழியாகக் காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். கல்யாண நகை, மூன்று ஜோடி. உங்கள் கணவரே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அவர்கள் எடை பார்க்கட்டும், திருகாணியைத் திருகிப் பார்க்கட்டும், மீதிப் பணத்தை அங்கேயே போடட்டும். யுபிஐயில் ஒரு நாளில் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு உண்டு, அது எவ்வளவு என்று அவர்களை முன்கூட்டியே பார்த்து வைக்கச் சொல்லுங்கள். பணம் வந்ததா என்று அவர்கள் போனில் பார்க்க வேண்டாம், உங்கள் வங்கிக் கணக்கில் பாருங்கள்.

அட்வான்ஸ் கொஞ்சம் வாங்குவது நியாயம். ஆர்டரை ரத்து செய்தால் முழுசும் போச்சு என்று மட்டும் எழுதாதீர்கள். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-இன்படி நியாயமான இழப்பீடுதான் உண்டு. உங்களுக்கு நஷ்டமே இல்லாதபோது பிடித்தம் செய்ய முடியாது என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. வெள்ளி விலை எந்த நாளுடையது என்பதையும் எழுதிவிடுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

கரூருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்:

“வணக்கம்ங்க. மூன்று ஜோடி, எடையும் டச்சும் செய்கூலியும் கீழே பில் மாதிரியில் இருக்கிறது. வெள்ளி விலை அட்வான்ஸ் வந்த நாளின் விலை, அதன்பிறகு ஏறினாலும் இறங்கினாலும் மாற்றம் இல்லை. அட்வான்ஸ் கால் பங்கு, கடைப் பெயரில் உள்ள கணக்கில் போடுங்கள். வேலை தொடங்கும் முன் வேண்டாம் என்றால் முழுசும் திரும்ப வரும். தொடங்கிய பிறகு என்றால் அதுவரை ஆன செய்கூலி மட்டும் கழிப்போம். முடிந்ததும் தராசில் வைத்து வீடியோ அனுப்புகிறோம். என் வீட்டுக்காரர் நேரில் கொண்டு வருவார், நீங்கள் எடை பார்த்துத் திருப்தியான பிறகு மீதியைக் கொடுங்கள். சம்மதம் என்றால் ‘சம்மதம்’ என்று பதில் போடுங்கள்.”

அந்தப் பதில் வந்த பிறகு பட்டறையில் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.