முதலில் பத்திரமா, பதிவுத் திருமணமா?

வாசகர் கேள்விகள்: வரி பகுதி, மார்ச் 2010 (இங்கே பேசப்படும் வீட்டுச் சலுகையும் அதன் விதிகளும் அப்போது இருந்தவை; இன்று அந்தச் சலுகை கிடையாது)

கேள்வி: அக்கா, எனக்கு 2004-ல் விவாகரத்து ஆனது. அப்போதிருந்து சார்லட்டில் மகளோடு வாடகை அபார்ட்மென்ட்டில் இருக்கிறேன். என் பெயரில் வீடு எதுவும் இல்லை. இப்போது மறுமணம் செய்துகொள்ளப் போகிறேன். அவரும் விவாகரத்து ஆனவர். 2001-ல் வாங்கிக் குடியிருந்த வீட்டை 2008 ஆகஸ்ட்டில் விற்றுவிட்டார். இருவரும் சேர்ந்து 186,000 டாலருக்கு ஒரு டவுன்ஹவுஸ் பேசி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். குளோசிங், அதாவது பணம் கொடுத்துப் பத்திரம் போடும் நாள், மே 14. கோயிலில் கல்யாணம் மே 23, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்பே, ஏப்ரல் முதல் வாரத்தில், கவுண்டி அலுவலகத்தில் கல்யாணப் பதிவை முடித்துவிடலாம் என்கிறார். அவருடைய ஆபீஸ் இன்சூரன்ஸில் என்னையும் மகளையும் சேர்க்கலாமாம். முதல் வீடு வாங்குபவர்களுக்கு அமெரிக்க அரசு வரியில் தரும் அந்த 8,000 டாலர் கிரெடிட் எங்களுக்குக் கிடைக்குமா? இரண்டாம் கல்யாணம் என்பதால் தெரிந்தவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
— வாசகி, வட கரோலினா

பதில்: பதிவை மே 14-க்கு முன்னால் வைக்காதீர்கள், தங்கச்சி. காரணம் பிறகு சொல்கிறேன். இந்தப் பக்கத்தை நீங்கள் பாதியில் மூடிவைத்தாலும் இது மட்டும் மனதில் இருக்கட்டும்.

முதல் வீடு வாங்குபவருக்கான இந்தச் சலுகையில் "முதல்" என்ற சொல்லைச் சட்டம் தன் போக்கில் வைத்துக்கொண்டிருக்கிறது. வீடு வாங்கும் நாளுக்கு முந்தைய மூன்று வருடங்களில், தான் குடியிருந்த வீட்டில் உரிமை இல்லாதவர் எவரும் முதல் முறை வாங்குபவர்தான். நீங்கள் அப்படித்தான். ஆனால் அந்தச் சட்டப் பிரிவில் ஒரு சின்ன அடைப்புக்குறி இருக்கிறது: திருமணமானவராக இருந்தால், துணைவருக்கும் இதே நிபந்தனை. உங்களை மணக்கப் போகிறவர் 2008 ஆகஸ்ட் வரை சொந்த வீட்டில் இருந்திருக்கிறார். மூன்று வருடக் கணக்கு அவருக்கு 2011 ஆகஸ்ட்டில்தான் கழியும். ஏப்ரலில் பதிவு செய்துவிட்டு மே மாதம் பத்திரம் போட்டால், அவருடைய பழைய வீடு உங்கள் கணக்கிலும் ஏறிவிடும்.

உங்கள் கடிதத்தில் என் மனம் கனத்த இடம் ஒன்று உண்டு. அவருக்கும் தனியாக ஒரு தகுதி இருக்கிறது. போன நவம்பர் 6-ம் தேதி கையெழுத்தான சட்டம், நெடுநாள் சொந்த வீட்டில் இருந்தவர்களுக்கும் 6,500 டாலர் வரை தருகிறது. வாங்கும் நாளுக்கு முந்தைய எட்டு வருடங்களில், ஒரே வீட்டைத் தொடர்ந்து ஐந்து வருடமாவது சொந்தமாக வைத்து அதில் குடியிருந்திருக்க வேண்டும். அவர் இருந்திருக்கிறார். ஆக நீங்கள் ஒரு வகையில் தகுதி, அவர் இன்னொரு வகையில் தகுதி. தனித்தனியே இருவருக்கும் கதவு திறந்திருக்கிறது. கணவன் மனைவியாகப் போய் நின்றால் இரண்டு கதவும் சாத்திவிடும். இருவரும் ஒரே வகையில் பொருந்த வேண்டும் என்பது அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.-இன் நிலை. முதல் கல்யாணத்தில் சேர்ந்தே வாடகை வீட்டிலும் சொந்த வீட்டிலும் இருந்துவரும் தம்பதிக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வருவதில்லை. ஆளுக்கொரு கடந்த காலத்தோடு சேருகிற உங்களைப் போன்றவர்களுக்குத்தான் வருகிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் இன்றைய விதி இதுதான்.

போன வருடம் என் மேசைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். இருவருக்கும் மறுமணம். வீட்டுக் கடன் ஏற்பாடு செய்தவர், "கல்யாணத்தை முடித்துவிட்டு வாருங்கள், காகித வேலை சுலபம்" என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் முடித்துவிட்டார்கள். ஒன்பது நாள் கழித்துக் குளோசிங். திருமணச் சான்றிதழையும், குளோசிங்கில் தரும் கணக்குத் தாளான செட்டில்மென்ட் ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு தேதிகளையும் நான் மூன்று முறை பார்த்தேன். அந்த அம்மாவுக்கு முழு எட்டாயிரமும் கிடைத்திருக்கும். கடனுக்கு இருவர் வருமானத்தையும் காட்டக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. மணமாகாத இரண்டு பேர் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். அதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து, மறுமணம் செய்யப் போகிறேன் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது தேதிகளைத்தான். அதனால் நீங்கள் கூச்சப்படாமல் எழுதியது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தகுதி பார்ப்பது வாங்கும் நாளில். மே 14 அன்று நீங்கள் சட்டப்படி மணமாகாதவர் என்றால் உங்கள் தகுதி உங்களுடையது. ஒன்பது நாள் கழித்துத் தாலி ஏறினாலும், பதிவு செய்தாலும், அது போகாது. வீடு இருவர் பெயரிலும் இருக்கலாம். மணமாகாத இருவர் சேர்ந்து வாங்கும்போது, தகுதியுள்ளவருக்கே முழுத் தொகையையும் ஒதுக்க ஐ.ஆர்.எஸ். அனுமதிக்கிறது. 8,000-ஐயும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய 6,500-ஐ அதன் மேல் சேர்க்க முடியாது, ஒரு வீட்டுக்கு மொத்தமே 8,000தான்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே 14 வரை சுமார் ஆறு வாரம். இப்போது உங்களுக்கும் மகளுக்கும் ஏதாவது பாலிசி இருந்தால் அந்த ஆறு வாரத்தை அதிலேயே ஓட்டிவிடுங்கள். ஒருவேளை எதுவுமே இல்லை, குழந்தைக்கு வைத்தியம் நடந்துகொண்டிருக்கிறது என்றால், எட்டாயிரத்தை மறந்துவிட்டு நாளைக்கே பதிவு செய்யுங்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. குளோசிங் தேதி தள்ளிப்போனால் பதிவையும் கூடவே தள்ளுங்கள். கோயில் முகூர்த்தத்தை மாற்ற முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் குளோசிங்குக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒன்பது நாளைக் காப்பாற்ற இப்போதே கடன் கொடுப்பவரை விரட்டுங்கள். எப்படியும் ஏப்ரல் 30-க்குள் ஒப்பந்தம், ஜூன் 30-க்குள் குளோசிங் என்பது எல்லோருக்கும் உள்ள கெடு.

எந்த வருட வரிக் கணக்கில் கேட்பது? 2010-ல் வாங்கினாலும் 2009 கணக்கிலேயே கேட்கும் வசதி இருக்கிறது. உங்களுக்கு அதுதான் நல்லது. 2009-ல் நீங்கள் தனி ஆள், உங்கள் வருமானம் மட்டும்தான் பார்க்கப்படும். தனியாகத் தாக்கல் செய்பவருக்கு 125,000 டாலர் வரை முழுத் தொகை, அதற்கு மேல் குறைந்துகொண்டே போய் 145,000-ல் பூஜ்யம். 2010 கணக்கில் கேட்டால் இருவரும் சேர்ந்து தாக்கல் செய்வீர்கள், அப்போது வரம்பு 225,000-லிருந்து 245,000 வரை. அந்த வருடம் தம்பதியாகித் தனித்தனியே தாக்கல் செய்தால் உங்களுக்கு 4,000தான். வரியே கட்ட வேண்டியதில்லை என்றாலும் இந்தப் பணம் ரீஃபண்டாகக் கைக்கு வரும்.

ஆனால் குளோசிங் முடியாமல் கேட்க முடியாது. ஏப்ரல் 15-க்குள் வழக்கம்போல 2009 கணக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். மே 14-க்குப் பிறகு 1040எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தோடு, இந்தச் சலுகைக்கான படிவம் 5405-ஐயும் செட்டில்மென்ட் ஸ்டேட்மென்ட் நகலையும் சேர்த்துத் தபாலில் அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் தாக்கல் செய்ய முடியாது, காகிதம்தான்.

இன்னொன்று, வரி சம்பந்தப்படாதது. மணமாகாத இருவராக அன்று பத்திரம் போடப் போகிறீர்கள். உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் உங்கள் பங்கு அவருக்கா, மகளுக்கா என்பது பத்திரத்தில் பெயர்களை எழுதும் விதத்தைப் பொறுத்தது. உங்கள் ஊரில் குளோசிங்கை வக்கீல்தான் நடத்துகிறார். கையெழுத்து நாளன்று அவசரத்தில் கேட்காதீர்கள், ஒரு வாரம் முன்பே அவரைக் கூப்பிட்டு மகள் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வாங்கிய பிறகு முப்பத்தாறு மாதம் அது நீங்கள் குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும். நடுவில் விற்றாலோ, வாடகைக்கு விட்டு வேறு வீட்டுக்குப் போனாலோ பணத்தைத் திருப்பிக் கட்ட நேரும்.

கேள்வி: நான் 1999-லிருந்து கொலம்பஸில் சொந்த வீட்டில் இருக்கிறேன். 2008-ல் மறுமணம். மனைவி அதுவரை வாடகையில் இருந்தவர், இப்போது என்னோடு இருக்கிறார். பெரிய வீடு வாங்கப் போகிறோம். 6,500 டாலருக்கு எனக்கு உரிமை இருக்கிறதல்லவா? மனைவி பெயரைப் பழைய வீட்டுப் பத்திரத்தில் சேர்த்தால் போதுமா?
— வாசகர், ஒஹாயோ

பதில்: இல்லை சார், போதாது. அந்த ஐந்து வருடச் சொந்த வீட்டு நிபந்தனை உங்கள் மனைவிக்கும் உண்டு. இன்று பெயர் சேர்த்தால் அவருடைய ஐந்து வருடம் இன்றிலிருந்துதான் ஓடத் தொடங்கும். தனித்தனியாகத் தாக்கல் செய்து பாதியான 3,250-ஐயாவது வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதுவும் முடியாது. தனியாகத் தாக்கல் செய்தாலும் நீங்கள் மணமானவர்தான், துணைவருக்கான நிபந்தனை அப்படியே நிற்கும். பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தவருக்கு இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. உங்கள் புது வீட்டு பட்ஜெட்டில் இந்த 6,500-ஐ எழுதியிருந்தால் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

கேள்வி: 2006 நவம்பரில் மனைவியைப் பிரிந்து வெளியே வந்தேன், அன்றிலிருந்து வாடகை. விவாகரத்து 2007-ல் முடிந்தது. ஆனால் பிள்ளைகள் அம்மாவோடு இருப்பதால் அந்த வீட்டுப் பத்திரத்தில் என் பெயர் இன்னும் இருக்கிறது. இந்த ஜனவரியில் மறுமணம் ஆனது. இப்போதைய மனைவிக்குச் சென்னையில் ஒரு ஃப்ளாட், பல வருடமாக வாடகைக்கு விட்டிருக்கிறார். இங்கே அவரும் வாடகையில்தான் இருந்தார். எங்களை முதல் முறை வாங்குபவர்கள் என்று ஏற்பார்களா?
— வாசகர், நியூ ஜெர்சி

பதில்: உங்கள் விஷயத்தில் எனக்கு நல்ல செய்தி இருக்கிறது. சட்டம் பார்ப்பது நீங்கள் குடியிருந்த வீட்டில் உங்களுக்கு உரிமை இருந்ததா என்பதை. பத்திரத்தில் பெயர் இருந்தாலும், மூன்று வருடத்துக்கும் மேலாக அது உங்கள் குடியிருப்பு இல்லை. மனைவியின் சென்னை ஃப்ளாட்டும் அப்படித்தான், வாடகைக்கு விட்ட வீடு. இரண்டுமே உங்களைத் தடுக்காது. உங்களிடம் கேள்வி வர வாய்ப்பு அதிகம் என்பதால் 2006 நவம்பர் முதலான வாடகை ஒப்பந்தங்கள், விவாகரத்துத் தீர்ப்பு, மாறிய விலாசத்தோடு உள்ள பழைய வரிக் கணக்குகள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்திருங்கள். வாடகை ரசீது தொலைந்திருந்தால் பழைய அபார்ட்மென்ட் அலுவலகத்தில் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 2008 செப்டம்பரில் முதல் கணவரோடு வீடு வாங்கி 7,500 டாலர் கிரெடிட் எடுத்தோம். விவாகரத்தில் வீடு அவருக்குப் போய்விட்டது. நான் மறுமணம் செய்தால் அந்தக் கடன் புதுக் கணவர் தலையில் வருமா?
— வாசகி, இல்லினாய்

பதில்: வராது, உங்கள் தலையிலும் இல்லை. 2008-ல் வாங்கியவர்களுக்குக் கிடைத்தது வட்டியில்லாக் கடன் மாதிரி. 2010 கணக்கிலிருந்து வருடம் 500 டாலராகப் பதினைந்து வருடம் திருப்ப வேண்டும். விவாகரத்தின் பகுதியாக வீடு ஒருவருக்கு மாற்றப்பட்டால், வீட்டைப் பெற்றுக்கொண்டவரே மொத்தப் பாக்கிக்கும் பொறுப்பு. உங்கள் பங்கு அவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட பத்திரத்தின் நகல் உங்களிடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அடுத்த வருடம் முதல் தவணை கேட்டு உங்கள் பெயருக்கு நோட்டீஸ் வந்தால் அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.