வழிமாறும் நிலையில் இருக்கும் இளைஞர்களுக்கு வாழ்க்கைத் திறன் பயிற்சி பலன் தருமா? அதில் குடும்பத்துக்கு என்ன வேலை?

பலன் தரும். ஆனால் பையனை மட்டும் வகுப்புக்கு அனுப்பிவிட்டு வீடு பழையபடியே இருந்தால், கற்றது ரொம்ப நாள் தாங்காது. இப்படிப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்பவன் என்ற முறையில் இதை அடித்துச் சொல்வேன்.

கோபம் தலைக்கேறினால் பேச்சை நிறுத்து, கொஞ்சம் தள்ளிப் போய் நில், அப்புறம் வந்து பேசு என்று வகுப்பில் சொல்லித்தருகிறோம். பையனும் வீட்டில் செய்து பார்க்கிறான். அப்பா திட்டிக்கொண்டிருக்கும்போது, "அஞ்சு நிமிஷத்துல வரேன்ப்பா" என்று வாசல் பக்கம் நகர்கிறான். "நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீ பாட்டுக்குப் போறியா?" என்று அவர் கையைப் பிடித்து இழுக்கிறார். முன்பைவிடப் பெரிய சண்டை. மறுநாள், "இதெல்லாம் வேலைக்கு ஆகாது சார்" என்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது, அப்பாவையும்தான். அவரிடம் யாருமே விஷயத்தைச் சொல்லவில்லையே.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் கரோல் கம்ஃபர் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய குடும்பப் பயிற்சி இந்த இடைவெளியைத்தான் அடைக்கிறது. போதைப் பழக்கம் உள்ள பெற்றோரின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது அது. முதல் ஒரு மணி நேரம் பெற்றோர் ஓர் அறையில், பிள்ளைகள் இன்னோர் அறையில். அடுத்த ஒரு மணி நேரம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, கற்றதை அங்கேயே பழகுகிறார்கள். பிள்ளை செய்த நல்லதைக் கவனித்து, வாய்விட்டுச் சொல்லப் பெற்றோர் முதலில் பழகுகிறார்கள். கண்டிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது இந்த வரிசைதான். திட்டு மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் எடுத்த எடுப்பில் கட்டுப்பாடு பேசினால் காதில் ஏறாது.

முடிவெடுப்பது, மன அழுத்தத்தைச் சமாளிப்பது, அடுத்தவர் நிலையைப் புரிந்துகொள்வது என்று உலக சுகாதார நிறுவனம் பத்து வாழ்க்கைத் திறன்களைப் பட்டியலிட்டிருக்கிறது. எல்லாமே பழகிப் பழகி வருபவை, அறிவுரையால் வருவதில்லை. பயமுறுத்தலும் உதவாது. சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளை வைத்து மிரட்டும் முறையைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குற்றம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

சரி, பெற்றோர் வருவதில்லையே என்பீர்கள். வேலை முடிந்து களைத்து வருகிறவர், கைக்குழந்தை உள்ளவர், பஸ்ஸுக்குக் காசு இல்லாதவர் எப்படி வருவார்? அதனால்தான் நான் சொன்ன பயிற்சியில் சாப்பாடு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், போக்குவரத்து உதவி எல்லாம் திட்டத்தின் பகுதியாகவே இருக்கின்றன. நீங்கள் பயிற்சி நடத்துபவர் என்றால், பாடத்திட்டம் எழுதும் முன்பே இதற்குப் பணம் ஒதுக்குங்கள். பெற்றோர் என்றால், இந்த வாரம் பிள்ளைக்கு என்ன சொல்லித்தந்தீர்கள் என்று பயிற்சியாளரிடமே கேட்டுவிடுங்கள்.