மிமிக்ரி பண்ற பையன், மாமா பேசி வச்ச சீட்டு

போன வாரம் திருச்சில இருந்து ஒரு குடும்பம் என்கிட்ட படிப்பு ஆலோசனை கேக்க வந்துச்சு. ப்ளஸ் டூ முடிச்ச பையன், அப்பா, அம்மா, கூட தாய்மாமா. பையன் மிமிக்ரி பண்றான், சினிமாவுக்குத்தான் போவேன்னு நிக்கிறான். அப்பா வாயே திறக்கல, எல்லாம் மாமாதான். "சிவகார்த்திகேயனே இன்ஜினியரிங் படிச்சிட்டுத்தான் சார் வந்தார், மேனேஜ்மென்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் பேசி வச்சிருக்கோம், வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கட்டணும்"னார். பணம் எங்கேருந்துன்னு கேட்டேன். அம்மா கழுத்தத் தொட்டுக்கிட்டாங்க.

கவலப்படாதீங்கன்னு சொல்ல வந்தவன் அதோட நிறுத்திட்டேன்.

மாமா சொன்னது உண்மைதான், ஆனா பாதிதான். சிவகார்த்திகேயன் சிங்கம்புணரில பிறந்தவர், அப்பா ஜெயில் டிபார்ட்மென்ட்ல இருந்தவர், படிச்சது திருச்சி ஜே.ஜே. காலேஜ்ல. காலேஜ் படிக்கும்போதே அப்பா தவறிட்டார். அவர தூக்கி விட்டது மேடை சார், பி.இ. சர்டிபிகேட் இல்ல. காலேஜ் மேடைல மிமிக்ரி, அப்புறம் விஜய் டிவி கலக்கப்போவது யாருல டைட்டில், அதுக்கப்புறம் தொகுப்பாளரா மைக்க பிடிச்சிக்கிட்டு, எந்த வார்த்தைக்கு ஜனம் சிரிக்குது எதுக்கு சும்மா இருக்குன்னு வருஷக்கணக்கா பாத்துட்டே இருந்தார். 2012ல மெரினா படம், அடுத்த வருஷமே எதிர்நீச்சலும் வருத்தப்படாத வாலிபர் சங்கமும். இதுல எந்த செமஸ்டர் அவருக்கு உதவுச்சுன்னு கேட்டேன், மாமா ஃபேன பாத்தார்.

தம்பிய ஏதாவது பண்ணிக் காட்டுன்னேன். நடிகர் குரல் ரெண்டு, சுமார்தான். அப்புறம் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் கண்டக்டர் பண்ணான் பாருங்க! விசில், அதுக்கு நடுவுல ஃபுட்போர்டு தகரம் அடிக்கிற சத்தம், பின்னாடி பூக்காரம்மா குரல் தூரத்துல கேக்குற அளவுக்கு சின்னதா. தூரம் எவ்வளவுன்னு அவன் காதுக்குத் தெரியுது.

அதனாலதான் யாரும் கேக்காத ஒண்ண சொன்னேன். சென்னை தரமணில எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம், தமிழ்நாடு அரசோடது. அங்க ஒலிப்பதிவு நாலு வருஷ டிகிரி. டைரக்ஷனுக்கும் கேமராவுக்கும் ஓடுற கூட்டத்துல பலருக்கு இப்படி ஒரு கோர்ஸ் இருக்குறதே தெரியாது. ஷூட்டிங்ல மைக்க எங்க வைக்கணும், டப்பிங்ல உதட்டசைவுக்கு குரல எப்படி உக்கார வைக்கணும், கொலுசு, செருப்பு, கதவுச் சத்தத்தயெல்லாம் ஸ்டுடியோவுல திரும்ப எப்படி உண்டாக்கணும், கடைசில வசனமும் பாட்டும் ஒண்ண ஒண்ணு முழுங்காம எப்படி மிக்ஸ் பண்ணணும், இதெல்லாம்தான் இந்த வேலை. தம்பி இயற்பியல் வேதியியல் எடுத்தவன், அது இங்க உதவும். அரசு கட்டணம், நீங்க அடகு வைக்கப் போற நகைல ஒரு மோதிரம் கூட கழட்ட வேண்டாம். சீட்டு கம்மி, அறிவிப்பு பெருசா எங்கயும் ஓடாது, வெப்சைட்ட நீங்கதான் பாத்துட்டே இருக்கணும். சாயங்காலம் மேடை ஏற சென்னைல இடத்துக்கா பஞ்சம்?

ஹீரோ ஆவானான்னு அம்மா கேட்டாங்க. தெரியாதும்மா, அத நம்பி எதையும் விக்காதீங்கன்னேன். ஆனா பிடிக்காத கோர்ஸுக்கு நகைய வச்சா வட்டி கண்டிப்பா ஓடும், அரியர் விழுந்தாலும் ஓடும்.

சார், இத படிக்கிறீங்கன்னா, வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கட்டாதீங்க. அன்னைக்கு விடியக்காலைல தம்பிய போனோட காந்தி மார்க்கெட்டுக்கு அனுப்புங்க, அஞ்சு நிமிஷம் சத்தம் மட்டும் ரெக்கார்ட் பண்ணி எனக்கு அனுப்பட்டும். வீடியோ வேண்டாம்.