ஓட்டல் மேனேஜ்மென்ட் படித்தவர் வேறு துறைக்குப் போக முடியுமா? இன்டர்ன்ஷிப்பில் கற்றது அங்கே உதவுமா?

தாராளமாகப் போகலாம். நானும் அப்படிப் போனவன்தான். ஓட்டல் மேனேஜ்மென்ட் படித்து, இன்டர்ன்ஷிப் முடித்து, சில காலம் ஃப்ரண்ட் ஆபீஸில், அதாவது வரவேற்புப் பிரிவில் இருந்தேன். இப்போது ஒரு மருத்துவமனையின் நிர்வாகப் பிரிவில் வேலை.

இந்தக் கேள்விக்கு எல்லோரும் சொல்கிற பதில், "பேச்சுத் திறமை வளரும், தன்னம்பிக்கை வரும்" என்பது. அதில் தவறில்லை. ஆனால் எந்தப் படிப்பைப் பற்றியும் அப்படிச் சொல்லிவிடலாமே! எனக்கு இன்றுவரை கைகொடுப்பது அதைவிடக் குறிப்பான ஒன்று: பாதியில் நிற்கும் வேலையை அடுத்தவரிடம் ஒழுங்காக ஒப்படைக்கும் பழக்கம்.

ஓட்டல் 24 மணி நேரமும் ஓடுகிறது, ஆட்கள் ஷிப்ட் ஷிப்டாக மாறுகிறார்கள். கெஸ்ட்டுக்கு அது தெரியவேண்டிய அவசியமில்லை. இரவு ஒருவரிடம் சொன்னதைக் காலையில் இன்னொருவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டி வந்தால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். அதற்குத்தான் ஒவ்வொரு ஷிப்டிலும் நடந்ததை அடுத்த ஷிப்டுக்காக எழுதி வைக்கும் லாக் புக். புதிதாக வரும் ட்ரெயினி "312-ல் ஏசி சரியில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். நல்ல சூப்பர்வைசர் அதை விடமாட்டார், திருப்பி எழுதச் சொல்வார்: "312, ஏசி குளிரவில்லை. இரவு 9.40-க்கு மெயின்டனன்ஸ் வந்து பார்த்தாயிற்று. உதிரிபாகம் காலையில்தான் வரும். கெஸ்ட்டுக்கு டேபிள் ஃபேன் கொடுத்திருக்கிறோம். காலை 10 மணிக்குள் அறை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறோம்." என்ன நடந்தது, என்ன செய்தோம், என்ன பாக்கி, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்ற நாலும் அதில் வந்துவிடுகிறது. மருத்துவமனைக்கு வந்தபோது செவிலியர்கள் ஷிப்ட் மாறும்போது எஸ்பிஏஆர் என்ற முறையைப் பின்பற்றுவதைப் பார்த்தேன். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசையில் சொல்வார்கள். எனக்கு அது புதிதாகவே தெரியவில்லை. ஐடி சப்போர்ட், லாஜிஸ்டிக்ஸ், தொழிற்சாலை என ஷிப்ட் உள்ள எந்த இடத்திலும் இப்படி எழுதத் தெரிந்த ஆளுக்கு மதிப்பு உண்டு.

இரண்டாவது, கோபத்தோடு நிற்பவரிடம் நேரம் சொல்லத் தெரிவது. செக்-இன் நேரம் ஆகிவிட்டது, அறை இன்னும் தயாரில்லை, பயணக் களைப்போடு ஒரு குடும்பம் கவுன்ட்டரில் நிற்கிறது. "கொஞ்ச நேரத்தில் ரெடியாகிடும்" என்பதுதான் வாயில் முதலில் வரும். அதைச் சொல்லக் கூடாது என்று இன்டர்ன்ஷிப்பில் படித்துப் படித்துச் சொல்வார்கள். ஹவுஸ்கீப்பிங்குக்கு போன் போட்டு எந்த அறை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். காலியாகி இன்னும் சுத்தம் செய்யாததா, சுத்தம் செய்து சூப்பர்வைசர் பார்க்காததா என்று தெரிந்த பிறகு, "அரை மணி நேரம் ஆகும், நானே வந்து சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, இருபதாவது நிமிடத்தில் அறை தயாராகாவிட்டாலும் போய் நிற்க வேண்டும். தாமதத்தை மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள். தங்களை மறந்துவிட்டார்கள் என்ற எண்ணம் வந்தால்தான் பொறுக்கமாட்டார்கள். டிஸ்சார்ஜ் நாளன்று இன்சூரன்ஸ் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் குடும்பத்திடம் நான் செய்வதும் இதையேதான்.

கணக்குப் பக்கத்தை மாணவர்கள் பெரும்பாலும் அலட்சியப்படுத்துகிறார்கள் என்பது என் வருத்தம். கிச்சனில் யீல்டு டெஸ்ட் செய்வோம். ஒரு கிலோ வாங்கி, தோல், எலும்பு, கழிவு போக 800 கிராம் தேறினால், பயன்படும் ஒரு கிலோவின் உண்மையான விலை வாங்கிய விலையைவிட 25 சதவீதம் கூடுதல். அறைகளிலும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. 100 அறையில் 80 அறையைத் தலா 50-க்குக் கொடுத்தால் 4,000. 60 அறையைத் தலா 70-க்குக் கொடுத்தால் 4,200. கூட்டம் குறைவு, வரவு அதிகம், சுத்தம் செய்ய வேண்டிய அறையும் குறைவு. இன்று இரவு விற்காத அறையை நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது என்பதால் வந்த சிந்தனை இது. விமான சீட், விளம்பர நேரம், ஆபரேஷன் தியேட்டரின் காலி நேரம் எல்லாம் இதே இனம்தான்.

சொல்லப்போனால், ஓட்டல் தொழிலின் நல்ல கருவிகள் பலவும் வெளியிலிருந்து வந்தவை. நேரத்துக்கு ஏற்ப விலையை மாற்றும் முறையை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவை விமான நிறுவனங்கள். 1980-களில் மேரியட் போன்ற ஓட்டல்கள் அதை எடுத்துக்கொண்டன. உணவுப் பாதுகாப்பில் நாம் மனப்பாடம் செய்யும் ஹாசாப் (HACCP), அதாவது உணவில் ஆபத்து வரக்கூடிய கட்டங்களை முன்பே கண்டுபிடித்துக் கட்டுப்படுத்தும் முறை, 1960-களில் நாசாவின் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரிக்கும்போது பில்ஸ்பரி நிறுவனம் உருவாக்கியது. ராணுவத்தில் சமையல்காரராக இருந்த பிரெஞ்சு சமையல் நிபுணர் எஸ்காஃபியேதான் சமையலறையில் ஆளுக்கொரு பொறுப்பு என்ற பிரிகேட் முறையை நிலைநாட்டினார். வேறு துறைகளிலிருந்து உள்ளே வர முடிந்தவை, உங்களோடு வெளியே போகவும் முடியும்.

ஆனால் தானாகப் போய்விடாது. ரெஸ்யூமில் "நல்ல தகவல் தொடர்புத் திறன்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. "ஷிப்ட் மாற்றத்தின்போது நிலுவையில் உள்ள புகார்களை எழுதி ஒப்படைத்தேன், காலை பிரீஃபிங்கில் அவற்றின் நிலையைச் சொன்னேன்" என்று எழுதுங்கள். ஓட்டலுக்குள் கால் வைக்காத ஹெச்ஆருக்கும் அது புரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ட்ரெயினியைச் சம்பளம் குறைந்த வேலையாளாக மட்டும் பார்க்கும் இடங்கள் இருக்கின்றன. பயிற்சிக் காலம் முழுக்க ஒரே மூலையில் டம்ளர் துடைக்க வைத்தால் மேலே சொன்ன எதுவும் வராது. அது மாணவருக்குச் செய்யும் அநியாயம். ஆகவே சேரும் முன்பே எத்தனை டிபார்ட்மென்ட், ஒவ்வொன்றிலும் எத்தனை வாரம் என்று கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றிவிடாவிட்டால் கல்லூரியின் பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

கேட்டு வாங்க வேண்டிய ஷிப்ட் ஒன்று உண்டென்றால் நைட் ஆடிட். தூக்கம் கெடும் என்று பலர் ஒதுங்குவார்கள். அன்றைய அறை வாடகை பதிவாகிறது, ரெஸ்டாரன்ட், லாண்டரி, பார் எல்லாவற்றின் பில்லும் ரொக்கத்தோடும் கார்டு ரசீதோடும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள், பிறகு சிஸ்டத்தில் தேதியை மாற்றுகிறார்கள். ஒரு நிறுவனத்தின் முழு நாளும் உங்கள் கண்முன்னால் கணக்காக மாறும். சில இரவுகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், ஒத்துப்போகாத தொகை வந்தால் அதை எப்படித் தேடிப் பிடிக்கிறார்கள் என்று கவனியுங்கள்.