பெரியம்மாவோடு இரண்டு நாள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பெரியம்மாவுக்கு 78 வயது. முழங்கால் வலி உண்டு, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சனி, ஞாயிறு என்னோடு வந்து தங்கப்போகிறார். சுற்றிக்காட்ட ஏழு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். கேட்டால், "எனக்கென்ன, நீ கூப்பிடுற இடத்துக்கெல்லாம் வர்றேன்" என்கிறார். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

பதில்: ஐந்தை அடித்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும், அதுவும் உடம்பில் தெம்பு இருக்கிற காலை நேரத்தில். "எங்கே வேண்டுமானாலும் வர்றேன்" என்று அவர் சொல்வது உங்கள் மேல் உள்ள பிரியத்தால், உங்களுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாதே என்பதால். அதே காரணத்தால் களைப்பாக இருந்தாலும் சொல்ல மாட்டார். அதனால் "முடியலையா?" என்று கேட்காதீர்கள். "பெரியம்மா, எனக்குக் கால் வலிக்குது, கொஞ்சம் உட்காரலாமா?" என்று கேளுங்கள், உடனே உட்காருவார். பேசிக்கொண்டே நடந்தவர் பதில் சொல்வதற்காக நின்றுவிட்டாலோ, கை தானாகச் சுவரைத் தேடினாலோ, அதற்கும் முன்பே நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் கவனமாக இருங்கள். வயதானால் தாகம் எடுப்பதே குறைந்துவிடும். போதாததற்கு, வெளியே கழிப்பறைக்கு எங்கே போவது என்ற பயத்தில் பலர் காலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்த்துவிடுவார்கள், பிரஷர் மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாகப் போகவைப்பவை என்பதால் அந்தப் பயம் நியாயமானதும்கூட. ஆனால் மதியம் தலைசுற்றலில்தான் கொண்டுபோய் விடும். போய் இறங்கியதும் முதல் வேலையாகக் கழிப்பறை எங்கே என்று பார்த்து அவரிடம் சொல்லிவிடுங்கள், அப்புறம் தண்ணீரைக் கொடுத்தால் மறுக்க மாட்டார். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்பதை டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உட்கார்ந்து எழும்போது சட்டென்று பிரஷர் இறங்கக்கூடும், சாப்பிட்ட பிறகும் இறங்கலாம். எழுந்ததும் பிடிமானத்தோடு அரை நிமிடம் நின்று, அப்புறம் நடக்கட்டும். இன்னொன்று, எல்லோரும் எத்தனை படி ஏறணும் என்றுதான் விசாரிக்கிறோம், ஆனால் வலிக்கிற முழங்காலுக்கு இறங்குவதும் பெரிய பாடுதான். கைப்பிடி இருக்கிறதா, இறங்க லிஃப்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வெயிலிலிருந்து இருட்டான கூடத்துக்குள் நுழைந்தால் வாசலிலேயே சற்று நில்லுங்கள். வெளிச்சம் குறைந்த இடத்துக்குப் பழக வயதான கண்ணுக்கு நம்மைவிட அதிக நேரம் ஆகும்.

என் மாமனாரை ஒருமுறை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன், அப்போது அவருக்கு 81. முதல் கூடத்திலேயே ஒரு பழைய பெண்டுலம் கடிகாரத்தின் எதிரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் பத்துக் கூடம் இருக்கிறதே என்று எனக்குள் ஒரு பரபரப்பு. அவரோ சின்ன வயதில் வாரம் ஒரு நாள் ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்த கதையைச் சொன்னார். சொல்லும்போதே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் சாவியைத் திருகின, உதடு எண்ணிக்கொண்டே போனது, பதினொன்றில் கை நின்றது. "இதுக்கு மேலே திருகினா அப்பா திட்டுவார்" என்றார். நாற்பது நிமிடம் அங்கேயே இருந்தோம், மற்ற கூடங்களைப் பார்க்கவில்லை. அவர் அப்பாவைப் பற்றி அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அதனால்தான் சொல்கிறேன், பெஞ்ச் இருக்கிற இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: தாத்தாவுக்கு அதிக தூரம் நடக்க முடியாது. சக்கர நாற்காலி என்றாலே கோபப்படுகிறார். என்ன செய்வது?

பதில்: வாதாடாதீர்கள். பல அருங்காட்சியகங்களிலும் உயிரியல் பூங்காக்களிலும் வாசலிலேயே நாற்காலி கொடுப்பார்கள், முதல் நாளே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். பையையும் தண்ணீர் பாட்டிலையும் அதில் வைத்து நீங்கள் தள்ளிக்கொண்டு போங்கள், தாத்தா பக்கத்தில் நடக்கட்டும். கால் ஓய்ந்தால் நாற்காலி பக்கத்திலேயே இருக்கிறது, அவராக உட்காருவார். உட்காரும்போதும் எழும்போதும் இரண்டு பக்க பிரேக்கும் போட்டிருக்க வேண்டும், கால் வைக்கும் தட்டை மடக்கியிருக்க வேண்டும், தட்டை மிதித்து எழுந்தால் நாற்காலி முன்பக்கமாகக் கவிழும். செங்குத்தான சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்குங்கள். கைத்தடி வைத்திருந்தால், வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கட்டும்.

கேள்வி: அத்தைக்கு இன்சுலின் உண்டு. காரில் வைத்துவிட்டுப் போகலாமா?

பதில்: கூடாது. மூடிய கார் உள்ளே சீக்கிரம் சூடாகிவிடும், மருந்து வீணாகும். உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். ஐஸ் மேல் நேராகவும் வைக்காதீர்கள், ஒருமுறை உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. சர்க்கரை இறங்கினால் கொடுக்க இனிப்பாக ஏதாவது, டாக்டர் சீட்டின் நகல், இரண்டும் அதே பையில்.

கேள்வி: சனிக்கிழமை சந்தோஷமாகச் சுற்றிய பாட்டி, ஞாயிறு காலை "நான் வரலை" என்றால்?

பதில்: வற்புறுத்தாதீர்கள். முதலில் பேச்சு தெளிவாக இருக்கிறதா, நடை தடுமாறுகிறதா என்று பாருங்கள். திடீர்க் குழப்பமோ தடுமாற்றமோ இருந்தால் அது களைப்பு என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் வீட்டிலேயே இருங்கள். நேற்று எடுத்த படங்களைப் பெரிதாக்கிக் காட்டுங்கள், அவர் ஒன்றில் நின்றால் நீங்களும் நில்லுங்கள். சாயங்காலம் அவரே செருப்பைத் தேடினால் கிளம்புங்கள்.