குறுக்கித் தருகிறேன் என்பவரிடம் கேசட்டைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: நான் கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் வீட்டு விசேஷங்களின் வீடியோக்கள் 11 பெரிய கேசட்டுகளிலும், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய 7 குட்டிக் கேசட்டுகளிலும், 23 டிவிடிகளிலும் இருக்கின்றன. பேரனின் வீடியோக்கள் செல்போனில் உள்ளன. எல்லாவற்றையும் கணினியில் வைக்க மகன் 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கித் தந்திருக்கிறான். ஸ்டுடியோக்காரரோ, எல்லாவற்றையும் குறுக்கி 64 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் அடக்கித் தருவதாகவும், பிறகு கேசட்டுகளை வீசிவிடலாம் என்றும் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? கணினியில் எப்படி அடுக்குவது? வளைகாப்புக் கேசட் ஒன்றில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது.

பதில்: வீச வேண்டாம் அம்மா. அவர் சொல்லும் முறையில் குறுக்கவும் வேண்டாம். மகன் வாங்கித் தந்த டிஸ்கில் இடம் தாராளமாகப் போதும். ஆனால் அந்த ஒரு டிஸ்கை மட்டும் நம்பியிருக்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். பெரிய கேசட் ஒன்று 3 மணி நேரம் என்று வைத்தால் 11 கேசட்டுக்கு 33 மணி நேரம். நல்ல தரத்தில் பதிவு செய்தால் மணிக்கு 3 முதல் 4 ஜிபி வரை ஆகும். ஆக ஏறக்குறைய 120 ஜிபி. குட்டிக் கேசட் மணிக்கு 13 ஜிபி கேட்கும். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்று வைத்தால் ஏழும் சேர்ந்து 91 ஜிபி. டிவிடி ஒன்றின் கொள்ளளவு 4.7 ஜிபி என்பதால், 23 டிவிடியும் முழுக்க நிறைந்திருந்தாலும் 108 ஜிபிதான். கூட்டினால் 320 ஜிபி. உங்கள் டிஸ்கை விண்டோஸ் 1.81 டெராபைட் என்று காட்டும். விற்பவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. அதனால் வரும் வித்தியாசமே தவிர, கடைக்காரர் உங்களை ஏமாற்றிவிடவில்லை. ஆறில் ஒரு பங்குகூட நிரம்பாத டிஸ்க் மேசையில் இருக்கும்போது எதற்காகக் குறுக்க வேண்டும்? டிவிடி ஒன்று 2 மணி நேரம் என்று வைத்தால் எல்லாம் சேர்ந்து 80 மணி நேரத்துக்கு மேல் வரும். அத்தனை காட்சிகளையும் 64 ஜிபியில் திணித்தால் மணிக்கு முக்கால் ஜிபிதான் கிடைக்கும். ஏற்கெனவே மங்கிய கேசட்டில் புள்ளிகளும் இரைச்சலும் அதிகம் என்பதால், குறுக்கும் மென்பொருள் அந்தப் புள்ளிகளோடு சேர்த்து முகங்களின் நுணுக்கத்தையும் மழுப்பிவிடும். பட்டுப்புடவையின் கரை வெறும் வண்ணத் திட்டாகிவிடும். பார்ப்பதற்கும் பகிர்வதற்கும் சிறிய நகல் வேண்டுமானால் பிறகு எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்; சிறியதிலிருந்து பெரியதைத் திரும்பப் பெற முடியாது.

ஸ்டுடியோக்காரர்களைப் பற்றி நான் கடுமையாக எழுதுவதாகச் சிலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். காரணம் இருக்கிறது. என் அக்காவின் திருமணக் கேசட்டை ஒரு ஸ்டுடியோவில் மாற்றக் கொடுத்தோம். திரும்பி வந்த டிவிடியில் மணமேடைமீது ரோஜா இதழ்கள் பறந்தன, தாலி கட்டும் நேரத்தில் ஓர் இதயம் விரிந்து சுருங்கியது, முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டு ஓடியது. பந்தி நடக்கும் இடத்தில் அப்பா, “மாப்பிள்ளை வீட்டாரை முதல்ல உட்காரச் சொல்லுங்கப்பா” என்று யாரிடமோ சொல்வது மூலக் கேசட்டில் தெளிவாகக் கேட்கும். அவர் குரல் பதிவான ஒரே இடம் அதுதான். பாட்டு அதை விழுங்கிவிட்டது. கேசட்டைத் திரும்பக் கேட்டபோது, “அதான் மாத்தியாச்சே சார்” என்றார்கள்.

ஆகவே கொடுக்கும்போது தாளில் எழுதிக் கொடுங்கள்: மிக்ஸிங் வேண்டாம், பாட்டு வேண்டாம், வெட்ட வேண்டாம், கேசட்டின் தொடக்கம் முதல் முடிவு வரை உள்ளது உள்ளபடி வேண்டும். நம் நாட்டுக் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும்போது படத்தின் அளவு 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 பிரேம். அதை மாற்ற வேண்டாம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலர் கேசட்டை முதலில் டிவிடி ரெக்கார்டரில் பதிந்து, அந்த டிவிடியை மீண்டும் எம்பி4 ஆக மாற்றித் தருவார்கள். இது இரண்டு முறை குறுக்குவதற்குச் சமம். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முதலில் ஒரே ஒரு கேசட்டைக் கொடுத்து வாங்கிப் பார்த்த பிறகே மற்றவற்றைக் கொடுங்கள். ஸ்டுடியோவை விட்டால் வேறு வழியும் நமக்கு இல்லை. பெரிய கேசட்டை ஓட்டும் விசிஆர் கருவியைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. வீட்டுக்கு வீடு கேசட்டை விற்றுவிட்டு, அதை ஓட்டும் கருவியைச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டு போனவர்கள் யாரும் இதற்குப் பதில் சொல்லப்போவதில்லை.

குட்டிக் கேசட்டுகளின் கதை வேறு; இதைப் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் பெரும்பாலான ஸ்டுடியோக்கள் இங்கேதான் தவறு செய்கின்றன. மினி-டிவி (MiniDV) எனப்படும் இந்தக் கேசட்டில் படம் ஏற்கெனவே டிஜிட்டலாகத்தான் பதிந்திருக்கிறது. பெரிய கேசட்டைப்போல அதை ஓடவிட்டு, மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களின் வழியாக மறுபடி பதிவு செய்வது, அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்துக் கையால் எழுதிக்கொள்வது போன்ற வேலை. செய்ய வேண்டியது, இந்தக் கேசட்டைப் போட்ட கேமராவை ஃபயர்வயர் என்ற வயரால் கணினியுடன் இணைத்து, உள்ளிருக்கும் தரவை அப்படியே இறக்கிக்கொள்வது. அப்போது தரம் சிறிதும் குறையாது. இன்னொரு லாபமும் உண்டு: எடுத்த தேதியும் நேரமும் படத்தோடு சேர்ந்தே கேசட்டில் பதிந்திருப்பதால், அவையும் கணினிக்கு வந்துவிடும். மஞ்சள் வயரில் வந்தால் அந்தத் தேதி காணாமல் போய்விடும். (கேமராவில் கடிகாரத்தைச் சரியாக வைக்காமல் எடுத்திருந்தால் அந்தத் தேதியை நம்ப வேண்டாம்.) இன்றைய கணினிகளில் ஃபயர்வயர் துளை இருக்காது, அதற்கான கார்டு பொருத்திய பழைய டெஸ்க்டாப் வேண்டும். ஆகவே ஸ்டுடியோவில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “ஃபயர்வயர் இருக்கிறதா?” என்பதுதான். “எல்லாம் ஒண்ணுதாம்மா” என்று பதில் வந்தால் கேசட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். இந்தக் கோப்புகள் பெரியவை. பழைய முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது என்பதால், உங்கள் டிஸ்கையே நேரடியாகக் கொடுத்து வாங்குங்கள்.

டிவிடிகளை நீங்களே வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டிலோ ஸ்டுடியோவிலோ எழுதிய டிவிடியின் சாயம் நாளடைவில் மங்கும் என்பதால் அவற்றை முதலில் முடியுங்கள். உள்ளே ஒரே நிகழ்ச்சி 1 ஜிபி துண்டுகளாகப் பிரிந்து தெரியும். துண்டு துண்டாக எடுக்காமல் கோப்புறை முழுவதையும் நகலெடுங்கள். மேக்எம்கேவி என்ற மென்பொருள் தரத்தைத் தொடாமல் அவற்றை ஒரே கோப்பாகச் சேர்த்துத் தரும். விஎல்சி என்ற வீடியோ பிளேயர் மென்பொருளில் அது ஓடும்.

அடுக்குவதற்குத் தனி மென்பொருள் எதையும் வாங்காதீர்கள். அந்த நிறுவனம் மூடினால் உங்கள் பட்டியலும் அதோடு போகும். கோப்பின் பெயரே பட்டியலாக இருக்கட்டும்: “1996-05-23 சித்ரா திருமணம் கும்பகோணம் கேசட் 1”. ஆண்டு, மாதம், நாள் என்ற இந்த வரிசையில் எழுதினால் கணினி தானாகவே காலவரிசையில் நிறுத்திவிடும். நாளை முதலில் எழுதினால் எல்லா மாதங்களின் ஐந்தாம் தேதிகளும் ஒன்றாக வந்து நிற்கும். நாள் தெரியாவிட்டால் ஆண்டை மட்டும் எழுதுங்கள். ஆண்டுக்கு ஒரு கோப்புறை போதும். “திருமணம்”, “காதுகுத்து” என்று தனித்தனியாகப் பிரித்தால், காதுகுத்தும் கிரகப்பிரவேசமும் ஒரே நாளில் நடந்த வீடியோவை எங்கே வைப்பது என்று திண்டாடுவீர்கள். கேசட்டின் முதுகில் ஒட்டிய சீட்டையும் ஒரு படம் எடுத்து உடன் வையுங்கள்.

செல்போன் வீடியோக்களில் ஒரு பொறி உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவின் பெயரில் இருப்பது எடுத்த நாள் அல்ல, உங்களுக்கு வந்துசேர்ந்த நாள். அதோடு, சாதாரணமாக அனுப்பினால் அது குறுகியே வரும். பேரனின் வீடியோக்களை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அல்லது மகன் ஊருக்கு வரும்போது வயர் போட்டு நேரடியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது டிஸ்க். டிஸ்க் கெட்டால் வாரன்ட்டியில் புது டிஸ்க் தருவார்கள், வெறும் டிஸ்க். உள்ளே இருந்த வீடியோக்களுக்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்பதில்லை. அதைச் சிறிய எழுத்தில் அச்சிட்டும் விடுகிறார்கள். ஆகவே இதே அளவில் இன்னொன்று வாங்கி, எல்லாவற்றையும் நகலெடுத்து, மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் இணைத்து ஓட்டிப் பாருங்கள். இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு 16 டெராபைட் என்று விளம்பரம் வரும். அவை போலி. உள்ளே சிறிய நினைவகம்தான் இருக்கும். அளவைப் பொய்யாகக் காட்டும்படி அமைத்திருப்பார்கள். நிரம்பியதும் பழையவற்றின்மேலேயே எழுதும். கோப்புகளின் பெயர்கள் தெரியும், திறந்தால் ஒன்றும் ஓடாது.

வளைகாப்புக் கேசட்டில் தெரியும் வெள்ளை பெரும்பாலும் பூஞ்சையாகத்தான் இருக்கும். எந்தப் பிளேயரிலும் போட்டுப் பார்க்காதீர்கள். நாடா அறுந்துபோகலாம், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டும் பூஞ்சை அடுத்து ஓடும் கேசட்டுக்கும் பரவும். துணியால் துடைக்கவும் வேண்டாம். சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் நிமிர்த்தி, மற்றக் கேசட்டுகளிலிருந்து விலக்கி வையுங்கள். பூஞ்சையைச் சுத்தம் செய்த பிறகே ஓட்டுவேன் என்று தாமாகச் சொல்லும் ஆள் கிடைக்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.