ரூட் கடவுச்சொல்லும் சனிக்கிழமைக் கணக்கும்

பினாங்கு, ஜார்ஜ்டவுனில் 24 மணி நேர நாசி கண்டார் உணவகம் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் இரண்டு கிளைகளின் பில் விவரங்களும் வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வர் ஒன்றில், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் சேர்கின்றன. மென்பொருள் செய்து தந்தவரிடம், தரவுத்தளத்தின் முழு அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கின் கடவுச்சொல்லை வாங்கி, அறிக்கை தயாரிக்கும் பவர் பிஐ மென்பொருளை இணைத்தேன். ஆனால் சனிக்கிழமை விற்பனை கல்லாக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. மாதக் கூட்டுத்தொகை மட்டும் ஏறக்குறையச் சரியாக வருகிறது. எங்கே பிழை?”

பிழை பவர் பிஐ-யிலும் இல்லை, கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடமும் இல்லை. பெரும்பாலும் அது சர்வரின் கடிகாரத்தில்தான் இருக்கும். வாடகைச் சர்வர்கள் பொதுவாக உலகப் பொது நேரமான யுடிசி-யில் ஓடுகின்றன. மலேசிய நேரம் அதைவிட 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சனிக்கிழமை விடியற்காலை 3 மணிக்கு நீங்கள் போட்ட பில், தரவுத்தளத்தில் வெள்ளிக்கிழமை இரவு 7 மணி என்று பதிவாகும். இரவு கடையடைக்கும் துணிக்கடைக்காரர் இதை ஆண்டுக்கணக்கில் கவனிக்காமலேயே இருந்துவிடலாம். உங்களுக்கோ நள்ளிரவு முதல் காலை 8 மணி வரையிலான விற்பனை முழுவதும் முந்தைய நாளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மாதத்தின் இரு முனைகளிலும் ஓரிரவு மட்டுமே இடம் மாறுவதால்தான் மாதக் கணக்கு ஏறக்குறையச் சரியாக வந்து உங்களை ஏமாற்றுகிறது.

ஊகத்தை நம்ப வேண்டாம். இன்றிரவு 12.30 மணிக்கு ஒரே ஒரு தே தாரேவுக்கு (ஆற்றிய பால் தேநீர்) பில் போட்டு, அந்த வரிசையை அட்டவணையில் திறந்து பாருங்கள். மாலை 4.30 என்று இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. அடுத்து, நேரப் பத்தியின் வகையைப் பாருங்கள். டேட்டைம் வகை என்றால், எழுதியது எழுதியபடியே திரும்பி வரும். 8 மணி நேரத்தை நீங்கள்தான் கூட்ட வேண்டும். டைம்ஸ்டாம்ப் வகை என்றால், இணைப்பின் நேர மண்டலத்துக்கு ஏற்ப மைஎஸ்க்யூஎல் தானே மாற்றித் தரும். அந்த மண்டலம் ஏற்கெனவே மலேசிய நேரமாக இருக்கும்போது நீங்களும் 8 மணி நேரத்தைக் கூட்டினால், கணக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும்.

மாற்றுவதற்கு மைஎஸ்க்யூஎல்-லில் கன்வெர்ட் டிஸெட் (CONVERT_TZ) என்ற சார்பு இருக்கிறது. அதற்கு ஊர்ப் பெயரைக் கொடுக்காமல், கழித்தல் கூட்டல் எண்ணாகவே, அதாவது +00:00 என்பதிலிருந்து +08:00 என்று கொடுங்கள். நேர மண்டல அட்டவணைகள் ஏற்றப்படாத சர்வரில் ஊர்ப் பெயர் கொடுத்தால் விடை வெறுமையாக வரும். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் இதே நேரத்தில்தான் இருக்கிறது, கோடைக்கால நேர மாற்றமும் கிடையாது என்பதால், இந்த நிலையான எண் உங்கள் தரவுக்குப் போதும். உங்கள் வியாபார நாள் நள்ளிரவில் முடிகிறதா, இரவு ஷிப்ட் இறங்கும் காலை 7 மணிக்கு முடிகிறதா என்பது வேறு கேள்வி. அதை நீங்கள் முடிவு செய்யாமல் எந்த மென்பொருளும் முடிவு செய்ய முடியாது.

இந்த மாற்றத்தைப் பவர் பிஐ-க்குள் செய்யாமல், தரவுத்தளத்திலேயே ஒரு வியூவாக, அதாவது தேவையான பத்திகளை மட்டும் காட்டும் சேமித்த வினவலாக, எழுதச் சொல்வேன். காரணம், ரூட் விவகாரமும் அதிலேயே தீர்ந்துவிடும். அறிக்கை பார்க்க ரூட் கணக்கைக் கொடுப்பது, மசாலா எடுத்து வரப் போகிறவனிடம் கல்லாச் சாவியையும் சேர்த்துக் கொடுப்பது போன்றது. அந்தக் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். புதிதாக ஒரு பயனரை உருவாக்கி, அந்த வியூவின்மீது செலக்ட் உரிமை (படிக்கும் உரிமை) மட்டும் கொடுத்து, எஸ்எஸ்எல் குறியாக்கம் இல்லாத இணைப்பை மறுக்கும்படி அமையுங்கள். வியூவில் தேதி, கிளை, உணவு, தொகை ஆகியவை இருந்தால் போதும். வாடிக்கையாளர் தொலைபேசி எண் அதில் வேண்டாம். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் கடைக்கும் பொருந்தும்.

மைஎஸ்க்யூஎல் இணைப்புகள் வந்து சேரும் சர்வரின் 3306 போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைத்திருந்தால் மூடிவிட்டு, கடையின் நிலையான ஐபி முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். கடையில் எப்போதும் ஓடும் விண்டோஸ் கணினி ஒன்றில் தரவுத்தளத்துக்கும் இணையத்திலுள்ள பவர் பிஐ-க்கும் பாலமாக இருக்கும் மைக்ரோசாப்ட்டின் கேட்வே மென்பொருளை நிறுவினால், இணையத்தில் ஏற்றிய அறிக்கை அதன் வழியாகப் புதுப்பிக்கப்படும். கேட்வே வெளிநோக்கிய இணைப்பை மட்டுமே பயன்படுத்துவதால், கடைப் பக்கம் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. புதிய பயனரைக் கொடுத்து இணைக்கும்போது, கடவுச்சொல் கேட்கும் பெட்டியின் இடப்பக்கத்தில் விண்டோஸ் என்பதை விட்டு டேட்டாபேஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் கதவு திறக்கவில்லை என்று என்னிடம் வருபவர்களில் பலர் அங்கேதான் தவறுகிறார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும், உங்கள் மேசைக் கணினியில் சரியாக இருக்கும் ‘இன்றைய விற்பனை’, கைப்பேசியில் காலை 7 மணிக்கு நேற்றையதைக் காட்டலாம். இணையத்திலுள்ள பவர் பிஐ-யில் டுடே என்ற சார்பும் யுடிசி தேதியைத்தான் தருகிறது. அதற்குப் பதிலாக யுடிசிநவ் என்ற சார்பில் 8 மணி நேரத்தைக் கூட்டி, அதிலிருந்து தேதியை எடுங்கள். பவர் பிஐ-யின் புரோ உரிமத்தில் ஒரு நாளைக்கு 8 முறை புதுப்பிப்பைத் திட்டமிடலாம். அவற்றில் ஒன்றை, இரவு ஷிப்ட்டின் கல்லாவை எண்ணி முடிக்கும் நேரத்துக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள்.